விழி ஐந்தில் இல்லாத புள்ளி

உடுமலையில் வானம் பார்க்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த மன்றத்தில், ஆடிட்டர் உமாபதி ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஊரில் பாதி மில்களுக்கு அவர்தான் கணக்குத் தணிக்கை. அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வங்கிக்காரர்கள் இரண்டாம் முறை படிப்பதில்லை என்று சொல்வார்கள். அந்த நம்பிக்கை அப்படியே மன்றத்துக்கும் வந்துவிட்டிருந்தது.

மன்றத்தில் எல்லோரிடமும் இருந்தது 'விழி' என்ற தொலைநோக்கி. குழாயில் கண்ணை வைத்துப் பார்க்கிற பழைய சமாச்சாரம் அல்ல. பூந்தொட்டி அளவில் ஒரு பெட்டி. மொட்டைமாடியில் வைத்துவிட்டு, செல்போனில் எதைப் பார்க்க வேண்டுமென்று தொட்டால் போதும். அதுவே திரும்பி, இடத்தைப் பிடித்து, படத்தின் மேல் படமாக எடுத்துச் சேர்த்து போனுக்கு அனுப்பிவிடும். வெகுநாளாக எல்லோரும் 'விழி இரண்டு' வைத்திருந்தார்கள். போன வருடம் 'விழி ஐந்து' வந்தது. முதலில் வாங்கியவர் உமாபதி.

வாங்கியதும் அவர் செய்த காரியம்தான் மன்றத்தையே மாற்றியது. பழசையும் புதுசையும் மாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே இரவு, ஒரே நேரம், ஒரே இலக்கு. மாதக் கூட்டத்தில் இரண்டு படங்களையும் திரையில் ஜோடியாகப் போட்டுக் காட்டினார். பழைய படத்தில் மணலை வாரி இறைத்தமாதிரி புள்ளிபுள்ளியாக இரைச்சல்; நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கறை. புதிய படத்தில் சுருள் சுருளாகக் கைகள் விரித்த விண்மீன் மண்டலம், காலண்டரில் அச்சடித்தமாதிரி.

"ரெண்டும் ஒரே வானந்தானுங்களா?" என்று பல் டாக்டர் முருகவேல் கேட்டார்.

"ஒரே வானந்தான். கண்ணுதான் வேற" என்றார் உமாபதி.

அந்த ஒப்பீட்டை இணையத்திலும் போட்டார். நிறையப் பேர் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மன்றத்தில் ஏறக்குறைய எல்லோரும் பழசைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுசுக்கு மாறினார்கள். மாறாதவர் ஒருவர்தான், கால்நடை மருத்துவர் தேவகிருபை.

அவளுக்குப் பகல் முழுக்கக் கிராமங்களில் வேலை. வயிற்றில் கன்று திரும்பாத மாடு, மடிவீக்கம் வந்த எருமை என்று அலைந்துவிட்டு வருகிறவள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் வானம் பார்ப்பாள். "எனக்கு இதே போதுங்க சார். மங்கலா இருந்தாலும் பழகிருச்சு" என்பாள். கூட்டத்தில் அவள் படம் திரையில் வரும்போது ஓரிருவர் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் அவள் உமாபதியைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், சிம்மத்துக்கிட்ட இருக்கற அந்த கேலக்ஸில ஒரு புள்ளி தெரியுதுங்க. போன வாரம் எடுத்த படத்துல இல்லை. நேத்தும் இன்னிக்கும் இருக்குது. சூப்பர்நோவாவா இருக்கும்னு தோணுது."

ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது சில வாரங்களுக்கு ஒரு மண்டலத்துக்கே ஈடாக ஒளிவிடும். அதை முதலில் பார்ப்பது வானம் பார்க்கிற எவருக்கும் வாழ்நாள் ஆசை. உமாபதிக்கும் அந்த ஆசை உண்டு.

"அனுப்புங்க, பாக்கறேன்" என்றார்.

மறுநாள் இரவு இரண்டு தொலைநோக்கிகளையும் மாடியில் வைத்தார். புதுசில் மண்டலம் எப்போதும்போல் அழகாக வந்தது. புள்ளி எதுவும் இல்லை. பழசில், இரைச்சலுக்கு நடுவே, மண்டலத்தின் ஓரத்தில், மண்டலத்தையே தொட்டுக்கொண்டு, ஒரு புள்ளி. சென்சாரில் கோளாறு இருக்கும் என்று பெட்டியைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தார். சென்சார் கோளாறாக இருந்தால் புள்ளி இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி உண்மையென்றால் விழி ஐந்து அதை மறைக்கிறது. அந்தப் பெட்டியைப் புகழ்ந்துதான் இத்தனை பேரை வாங்க வைத்தோம். வாயைத் திறக்காமல் இருக்க அது பெரிய காரணம். அதற்கு அடியில் சின்னதாக இன்னொன்றும் இருந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்தது அவரல்ல. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு எல்லோர் சிரிப்புக்கும் ஈடு கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி. போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

கூட்டத்தில் தேவகிருபை தன் படத்தைத் திரையில் போட்டாள். உமாபதி தன் புதிய படத்தைப் பக்கத்தில் போட்டார். புள்ளி இல்லை. முருகவேல் தன் போனிலிருந்து ஒன்றைப் போட்டார். இல்லை. இன்னும் மூன்று பேர் போட்டார்கள். எல்லாமே ஒரே அச்சு.

"பழசுலயும் எடுத்தீங்களா சார்?" என்று தேவகிருபை கேட்டாள். அவள் குரலில் சந்தேகம் இல்லை. அவரை நம்பித்தான் கேட்டாள்.

"எடுத்தேன்" என்றார் உமாபதி. "ஒண்ணுமில்லைங்க டாக்டர்."

அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். "சென்சார்ல தூசு கீசு இருக்கும்போல" என்றாள். பின்வரிசையில் யாரோ, "மாட்டுக்கு ஊசி போட்ட கையோட லென்ஸைத் தொட்டிருப்பாங்க" என்றார்கள். கூட்டம் சிரித்தது. அன்று அவள் சேர்ந்து சிரிக்கவில்லை.

ஆனால் அவள் அதற்கு முன்பே பன்னாட்டுப் பதிவகத்துக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். புதிய விண்நிகழ்வுகளை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் வேலை. அந்த வருடம்தான் அவர்கள் உலகெங்கும் உள்ள விழி ஐந்துகளை ஒரே வலையில் கோத்திருந்தார்கள். யாராவது ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னால், அருகில் உள்ளவர்களிடம் சரிபார்க்கச் சொல்லிக் கேட்பார்கள். உமாபதிக்கும் அந்தக் கேள்வி வந்தது. 'எதுவும் இல்லை' என்று பதில் அனுப்பினார். அவரைப்போலவே பலரும் அனுப்பினார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தங்கள் பெட்டி காட்டியதைச் சொன்னார்கள். பொய் சொன்னவர் ஒருவர்தான்.

பதிவகம் தேவகிருபையின் தகவலைத் தள்ளியது. இனி அவள் அனுப்புவதை உடனே கவனிக்க வேண்டியதில்லை என்று அவள் பெயருக்கு எதிரே குறித்தும் வைத்தது. அவள் மன்றத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து சொல்லாமல் விலகினாள்.

சித்திரை பிறந்து, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விண்வெளி விழா நடந்தது. உமாபதியையும் அவர் விழி ஐந்தையும் அழைத்திருந்தார்கள். மனைவி கனகவல்லியும் கூட வந்திருந்தாள். மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டி, பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் லேசாகத் தூறியதால் உமாபதி பெட்டியின் முகப்புக்குக் கறுப்பு மூடியைப் போட்டு வைத்திருந்தார். தூறல் விட்டு வானம் தெளிந்தது. தலைமையாசிரியை வாழ்த்துப் பேசி முடித்து, உமாபதியின் போனில் ஓரியன் நெபுலாவைத் தொட்டார்.

பெட்டி திரும்பி நின்றது. திரையில் முதலில் இருட்டு. பிறகு மெல்ல ஒரு சிவப்பு, அதன் மேல் ஊதா. சிறகு விரித்தமாதிரி புகைமண்டலம் படர்ந்து வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். உமாபதி பெருமையோடு திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். மூடி போட்டபடியே இருந்தது.

அவர் கை தானாகப் போய் மூடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது. திரையில் எந்த மாற்றமும் இல்லை. கைதட்டல் நிற்கவில்லை. நிமிர்ந்தபோது கனகவல்லி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகும் ஒரு மணி நேரம் அவர் பேசினார். நெபுலா எத்தனை ஒளியாண்டு தொலைவு, அங்கே நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்றெல்லாம். தலைமையாசிரியை பொன்னாடை போர்த்தினார். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காரில் ஏறும்போது, அந்தத் துணி உடம்பில் பட்ட இடமெல்லாம் அரித்தது அவருக்கு.

காரில் பாதி வழி வந்ததும் கனகவல்லி, "மூடி போட்டிருந்தா எப்படீங்க படம் வரும்?" என்றாள்.

"தெரியலை."

மறுநாள் காலை கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். வெகுநேரம் காத்திருந்தபின் ஒரு இளம் பொறியாளர் எடுத்தான். பெயர் ரிஷிகேஷ் என்றான். மரியாதையாகத்தான் பேசினான்.

"அது பழுது இல்லை சார். விழி ஐந்துக்கு வானத்துல எந்தெந்த இடத்துல என்னென்ன இருக்கணும்னு முன்னாடியே தெரியும். லட்சக்கணக்கான நல்ல படங்களை வச்சுப் பழக்கியிருக்கோம். உங்க மாடிக்கு வர்ற வெளிச்சம் கொஞ்சந்தான். மீதியை அதுவே நிரப்பிக்கும்."

"வெளிச்சமே வரலைன்னா?"

"முழுசா நிரப்பிக்கும்."

"சேரி. இதுக்கு முன்னாடி இல்லாத ஒண்ணு புதுசா அங்க வந்தா?"

"சின்னப் புள்ளியா இருந்தா இரைச்சல்னு எடுத்துடும் சார். இரைச்சல் வருதுன்னுதான் எல்லாரும் பழைய மாடல்ல குறை சொன்னாங்க. நீங்க போட்ட ஒப்பீட்டையே எங்க டீம்ல அடிக்கடி காட்டுவாங்க." பிறகு ஆறுதலாகச் சொன்னான். "மூடி விஷயத்தைக் கவலைப்படாதீங்க. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடறோம். மூடி போட்டிருந்தா, 'மூடியை எடுங்க'ன்னு எச்சரிக்கை வரும்."

"மத்தது?"

"மத்தது எது சார்?"

உமாபதி போனை வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் வந்ததையெல்லாம் சமையலறை வாசலில் நின்று கனகவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த மாட்டு டாக்டர் பாத்தது நெசந்தானுங்களா?"

"நெசந்தான்."

"பாவம். உங்க எல்லாத்தையும் இந்தப் பெட்டி ஏமாத்திப் போடுச்சு."

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தப்பித்திருக்கலாம். இரண்டு நாள் தப்பித்தும் இருந்தார். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, "பழசுல எனக்குத் தெரிஞ்சுது" என்றார். "பாத்துட்டுத்தான் இல்லைன்னேன்."

கனகவல்லி ரசக்கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவரைப் பற்றி அவளிடம் வந்து குறை சொன்னவர்கள் உண்டு. கோபக்காரர், கருமி என்றெல்லாம். பொய்யர் என்று யாரும் சொன்னதில்லை.

"அந்தப் புள்ளைகிட்டப் போய்ச் சொல்லீட்டு வாங்க" என்றாள். அதற்கு மேல் பரிமாறவில்லை. அவரே ஊற்றிக்கொண்டார்.

அந்த வாரமே செய்தி வந்தது. வெளிநாட்டு மலை ஒன்றில், எந்த வலையிலும் சேராத பழைய ஆய்வகம் அந்த மண்டலத்தில் சூப்பர்நோவாவைக் கண்டதாகப் பதிவகம் அறிவித்தது. இவ்வளவு அருகில் ஒன்று வெடித்து வெகுகாலம் ஆகிறது என்றும், வெடித்த முதல் சில நாட்களின் ஒளி கிடைத்திருந்தால் பலவற்றைத் தெரிந்துகொண்டிருக்கலாம் என்றும், அது இனி கிடைக்காது என்றும் அறிவிப்பில் இருந்தது. யாரோ அதை மன்றத்தின் குழுவில் போட்டார்கள். எல்லோரும் படித்துவிட்டதற்கான நீலக்குறி விழுந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கொஞ்சநேரம் கழித்து முருகவேல் செம்பருத்திப் பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டார். எல்லோரும் அவசரமாகப் பதில் வணக்கம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உமாபதி தேவகிருபையின் வீட்டுக்குப் போனார். அவள் கணவர் ஸ்டீபன் கதவைத் திறந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். வானத்தில் நிலாவைத் தவிர வேறொன்றுக்கும் பெயர் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"வாங்க சார், வாங்க. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "அந்தப் புள்ளி விவகாரத்துக்கப்பறம் ரொம்ப ஒடைஞ்சு போயிட்டா. ஆஸ்பத்திரியில மாட்டுக்கு மருந்து எழுதறதுக்குக்கூட ரெண்டு தடவை சரிபாக்க ஆரம்பிச்சுட்டா, கண்ணு தப்பாப் பாக்குதோன்னு. கண் டாக்டர்கிட்ட வேற போய்ட்டு வந்தோம். அப்பறம் நாந்தான் சொன்னேன், ஆடிட்டர் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், புதுசே வாங்கிக்கன்னு. இப்பத்தான் மொகத்துல கொஞ்சம் தெளிவு."

தேவகிருபை உள்ளேயிருந்து வந்தாள். அவரைப் பார்த்ததில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். டேப்லெட்டை எடுத்து வந்து காட்டினாள். விழி ஐந்து எடுத்த அதே மண்டலம். சுருள்கைகள் பளிச்சென்று இருந்தன.

"பாருங்க சார். ஒண்ணுமே இல்லை. நீங்க சொன்னது சரி. பழசைத் திருப்பிக் குடுத்துட்டேன். அந்தப் படத்தையெல்லாம் அழிச்சுட்டேன், பாக்கப் பாக்க வெக்கமா இருந்துச்சு."

வெட்கம் என்ற சொல்லை அவள் சொன்னதும் உமாபதி தரையைப் பார்த்தார். பதிவகத்தின் அறிவிப்பைப் போனில் திறந்து அவளிடம் கொடுத்தார். அவள் படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். அவர் விழி ஐந்து எப்படிப் படம் எடுக்கிறது என்பதைச் சொன்னார். பள்ளியில் மூடி போட்டிருந்ததைச் சொன்னார்.

"அப்ப உங்க பழசுலயும் ஏதோ கோளாறா?" என்றாள். அவரைக் காப்பாற்றத்தான் அவள் அப்போதும் வழி தேடினாள்.

"இல்லைங்க. அதுல தெரிஞ்சுது. பாத்தேன். திருப்பி வச்சு இன்னொருக்காவும் பாத்தேன்."

ஸ்டீபன் டம்ளர்களில் டீயோடு வந்தவர் அப்படியே நின்றார். தேவகிருபை டேப்லெட்டை அணைத்தாள்.

"கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தகவல்போலச் சொன்னாள். "எங்க வச்சு இல்லைன்னு சொன்னீங்களோ, அங்கயே வந்து சொல்லுங்க. நான் வர்றேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. குடித்துவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் உமாபதி எழுந்து நின்று சொன்னார். எழுதிக்கொண்டு போகவில்லை. தான் பார்த்ததையும், பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னதையும், பதிவகத்துக்கும் அதையே எழுதியதையும் சொன்னார். அந்தப் பதிலைத் திரும்பப் பெற்று, நடந்ததை எழுதியாயிற்று என்றும் சொன்னார். தேவகிருபை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

முருகவேல்தான் முதலில் பேசினார். "இத்தனை பேரும் இல்லைன்னுதான சொன்னோம் சார். கருவிக் கோளாறுன்னு எல்லாரும் சேந்து ஒரு கடுதாசி போட்டுரலாம். நீங்க தனியா எதுக்கு இப்படிச் சொல்லிக்கறீங்க?"

"உங்களுக்குக் கருவிக் கோளாறு. எனக்கு அது இல்லை" என்றார் உமாபதி.

"இதனால பதிவகத்துல நம்ம எல்லார் தகவலையும் தள்ளி வச்சிருக்காங்க, தெரியுங்களா?" என்றார் இன்னொருவர். குரலில் எரிச்சல் இருந்தது. தேவகிருபையைத் திரும்பிப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முருகவேல், "சேரி, அடுத்தது ஆண்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடறதுன்னு பாக்கலாம்" என்றார். தேவகிருபை எழுந்து வெளியே போனாள்.

உமாபதி படிக்கட்டில் அவளை எட்டிப் பிடித்தார். காரிலிருந்து பழைய விழி இரண்டை எடுத்து வந்து நீட்டினார்.

"இதை வச்சுக்குங்க டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் அது தெரியும்."

அவள் வாங்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள்.

"எனக்குக் குடுக்கணும்னு குடுக்கறீங்களா, உங்க வீட்டுல இருக்கக் கூடாதுன்னு குடுக்கறீங்களா?"

இரண்டில் எது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, வெளியே நின்றிருந்த ஸ்டீபனின் வண்டியில் ஏறினாள்.

உமாபதியின் பெயரைப் பதிவகம் நீக்கிவிட்டது. இனி அவரிடம் யாரும் சரிபார்க்கக் கேட்கமாட்டார்கள். அதை அவர் எதிர்த்து எழுதவில்லை. பொதுவில் வரும் தகவல்களை மட்டும் தினமும் காலையில் படித்துக்கொண்டிருந்தார். வைகாசியில் ஒருநாள் அந்த சூப்பர்நோவாவைப் பற்றிய பக்கத்தில் புதிதாக ஒரு தகவல் சேர்ந்திருந்தது. விழி இரண்டில் எடுத்த படம், ஒரே இரைச்சல். பார்த்தவர்: தேவகிருபை, உடுமலை. அதற்குக் கீழே, உடனிருந்து சரிபார்த்தவர் என்ற இடத்தில் ஸ்டீபன் என்று இருந்தது. அவர் தமிழிலேயே எழுதியிருந்தார்.

'எனக்கு நட்சத்திரம் பற்றி எதுவும் தெரியாது. என் மனைவி காட்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. முதலில் எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றுதான் சொன்னேன். நன்றாக உற்றுப் பார்த்த பிறகு தெரிந்தது.'

உமாபதி அதை இரண்டு முறை படித்தார். கனகவல்லி காப்பியோடு வந்து, அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள்.

"இது யாருங்க எழுதினது?"

"அந்த டாக்டரம்மா வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கறவரு."

அவளும் படித்தாள். காப்பியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.